அம்பு எங்கிருந்து

ஜுபைல். இரவு ஷிப்ட். ஆய்வக மேஜையில்
மூன்று குப்பிகள்: சிவப்பு நான்கு, மஞ்சள் ஏழு, நீலம் பத்து.
பிஹெச் மீட்டரின் மூக்கை ஒவ்வொன்றிலும் முக்கி
கழுவி, துடைத்து, எண்ணை எழுதிக் கையெழுத்திடுவேன்.
அந்த எண் ஏன் வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.
என் சம்பளத்தில் அந்தக் கேள்வி அடங்காது.

ஆனால் எனக்கொரு அரியர் இருக்கிறது.
கரிம வேதியியல், முதல் தாள். ஒன்பது வருடமாக.
டிசம்பரில் கடைசி வாய்ப்பாம்.

முதல் தொல்லை சொல்லிலேயே.
காரம் என்றால் நாக்கு மிளகாயைத்தான் நினைக்கிறது.
சோப்பு, சுண்ணாம்பு, வழவழப்பு என்று
நூறு முறை சொல்லியும் கேட்கமாட்டேன் என்கிறது.

அடுத்தது அம்பு.
வளைந்த அம்பை நான் எப்போதும்
ஹைட்ரஜனிலிருந்துதான் தொடங்குவேன்.
அதுதானே கிளம்புகிறது?
கிளம்புகிறவனிடமிருந்துதானே கோடு போட வேண்டும்?
மாதத் தேர்வுத் தாள்களில் அந்த இடத்தை
சிவப்பு மை சுழித்துச் சுழித்துக் கிழித்திருக்கிறது.

மேல் கட்டில் நூக்கராஜு, ஸ்ரீகாகுளத்து வெல்டர்,
தலைகீழாக எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"இந்த ரெண்டு புள்ளி என்னா?"
தனி இணை. யாரோடும் சேராத இரண்டு எலக்ட்ரான்.
"சும்மா இருக்கா?"
சும்மா இல்லை, என்று தொடங்கியவன் நின்றுவிட்டேன்.
சும்மா இருப்பதுபோல் இருந்துகொண்டு
அதுதான் எல்லாவற்றையும் செய்கிறது.
அந்தப் புள்ளிகள் நீண்டு வந்து புரோட்டானைப் பிடிக்க,
அதே நொடியில் பழைய பிணைப்பு
தன் எலக்ட்ரான்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு
கையை விடுகிறது.
புரோட்டான் புறப்படவில்லை. எடுக்கப்படுகிறது.

அப்படியென்றால்
தக்கலை பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில்
சுழல்நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாரே
ஏஜெண்ட் கிளாட்சன்,
அம்பு அவரிடமிருந்து.
"கிளம்பினேன்" என்று நான் போட்ட கோடு அத்தனையும்
அழித்துத் திருப்பிப் போட வேண்டியவை.

இன்னொன்று.
அமிலம் வலியதா என்பதை அமிலத்திடம் கேட்காதே,
புரோட்டான் போனபின் மிச்சமிருப்பதைப் பார்.
எத்தனாலில் ஒற்றை ஆக்சிஜன் மொத்தச் சுமையும் தூக்கி
மாளாமல், எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும்.
அசிட்டேட்டில் ஆக்சிஜன் இரண்டு.
சுமை இதிலா அதிலா?
இரண்டிலும். எதிலும் முழுதாக இல்லை.
அதனால் விட முடிகிறது.

வெள்ளிக்கிழமை வீடியோவில் ஷெர்லின்.
மொபெட் வாங்கியிருக்கிறாள். சங்கத்துக் கடனை
அவளும் தங்கையும் பிரித்துக் கட்டுகிறார்கள்.
ஒழுகல் அடைத்தாயிற்று. மோட்டார் ஓடுகிறது.
"இங்க ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள்,
நான் கவலைப்படக் கூடாதென்று.

நிலையான இணை காரம்.
பாடத்தில் அடுத்த வரி எனக்குத் தெரியும்:
நிலையாக இருப்பது
போனதைத் திரும்பப் பிடிக்க அவசரப்படுவதில்லை.

பேனாவை மூடிவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன்.
வெள்ளரிக்காயில் வினிகர்.
"புளிப்பே இல்ல" என்றான் நூக்கராஜு.
எப்படி இருக்கும்? ஆயிரம் மூலக்கூறில் நாலைந்துதான்
எந்த நேரத்திலும் விட்டுவிட்டு நிற்பவை.
அதுவும் அதே நாலைந்து அல்ல.
விட்டது பிடிக்கிறது, பிடித்தது விடுகிறது,
போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு,
தட்டில் பார்த்தால் அசைவே இல்லை.
இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

மாலை நாலு நாற்பதுக்கு பஸ்.
பதினான்காவது கேள்வி பீனால்.
சுமையை வளையம் முழுக்கப் பரப்ப வேண்டும், ஐந்து படம்.
மூன்றோடு நிற்கிறேன்.
"திரையை இழு, வெயில்" என்கிறது மேல் கட்டில்.
இன்னும் ஒரு அம்பு, என்கிறேன்.
ரப்பர் எங்கோ கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது.